அறிஞர் சித்திலெப்பையின் வாழ்வும் அவர் நாடிய கல்வியும்

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், மஸ்ஜித் இந்தியாச் சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானாச் சாலையிலும் உள்ள நம்மவர் கடைகளில் வியாபாரப் பேச்சு சற்று ஓய்ந்து பிள்ளைகள் பேச்சு எழும்பும். யார் மகனுக்கு எத்தனை 'ஏ', யார் மகள் எந்தக் கல்லூரிக்குப் போகிறாள், எந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவு, முடித்து வந்தால் எவ்வளவு சம்பளம் என்று கணக்கு விரியும். அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. முதல் போடுகிறவன் ஆதாயத்தை விசாரிப்பது வியாபார தர்மம். ஆனால் படித்து வரும் பிள்ளை எப்படிப்பட்ட மனிதனாக வருவான் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. அது தானாக வந்து சேரும் என்று இருந்துவிடுகிறோம் போலும்.

தானாக வந்து சேராது என்று கண்டுகொண்ட ஒருவர் இலங்கைத் தீவில் வாழ்ந்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம், தொழிலால் வக்கீல், நல்ல வருமானமும் நகரத்தில் மதிப்பும் உடையவர். அவற்றையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறர் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தேடி அலைந்தார். மர்ஹூம் முகம்மது காசிம் சித்திலெப்பை அவர்களைப் பற்றியே இங்கு எழுதப்படுகிறது. இலங்கை முஸ்லிம்கள் அவரை நன்கு அறிவார்கள். நம்மில் பலருக்கு, தமிழ் நாவல் வரலாறு படித்தவர்கள் நீங்கலாக, பெயர்கூடப் பழக்கமில்லை.

1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டி மாநகரில் அவர் பிறந்தார். கண்டி அரசு பிரிட்டிஷார் கைக்கு வந்து இருபத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம். லெப்பை என்ற சொல் மார்க்கக் கல்வி போதிப்பவரைக் குறிப்பது. குடும்பப் பெயரிலேயே ஆசிரியத் தொழில் ஒட்டியிருந்தது எனலாம். ஆனால் தந்தையார் வக்கீல். இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக அத்தொழிலுக்கு வந்தவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். ஆகவே வீட்டில் இரண்டு உலகமும் இருந்தன. ஒரு பக்கம் அரபும் மார்க்கமும். மறுபக்கம் ஆங்கிலமும் சட்டமும். இரண்டுக்கும் நடுவே வீட்டு மொழியாகிய தமிழ். இம்மூன்றையும் சிறுவயது முதலே கற்கும் வாய்ப்பு அந்நாளில் ஆயிரத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக்கூடக் கிடைத்திராது.

1862இல் மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலானார். இலங்கையில் அப்போது அதற்கு 'பிறக்டர்' என்று பெயர். இரண்டாண்டில் உயர்நீதிமன்றத்திலும் அவ்வுரிமை கிடைத்தது. கண்டி நகரசபையில் அங்கத்தினராக இருந்தார். நீதிபதியின் ஆசனத்தில் தற்காலிகமாக அமரும் பொறுப்பும் அவரை நாடி வந்தது. இவ்வளவும் இருந்தால் ஒரு மனிதன் நிம்மதியாக வீடு கட்டி, தோட்டம் வாங்கி, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு காலங்கழிக்கலாம். அவர் தொழிலில் இருந்த பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

வக்கீலின் மேசைக்கு எதிரே எப்படிப்பட்டவர்கள் வந்து உட்காருவார்கள் என்பதை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். எழுத்துத் தெரியாமல் எவனோ நீட்டிய பத்திரத்தில் பெருவிரலைப் பதித்துவிட்டு நிலத்தைப் பறிகொடுத்தவன் வருவான். எழுத்து நன்றாகத் தெரிந்து, அந்தப் பத்திரத்தைப் பொய்யாக எழுதிக் கொடுத்தவனும் வருவான். முன்னவனிடம் கல்வி இல்லை. பின்னவனிடம் கல்வி இருக்கிறது, ஒழுக்கம் இல்லை. இருபது ஆண்டு நீதிமன்றத்தில் நின்றவருக்கு இந்த இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும். பிற்காலத்தில் அவர் வற்புறுத்திய கல்வியைக் கவனித்தால், முன்னவனுக்குக் கண்ணைத் திறக்கவும் பின்னவன் உண்டாகாமல் தடுக்கவும் ஒரே பள்ளிக்கூடத்தில் வழி தேடினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்நாளைய நிலைமையைச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று இன்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது காரணமில்லாத அச்சம் அல்ல. பள்ளிக்கூடத்தோடு மதமாற்றத்தையும் சேர்த்தே நடத்தினார்கள் என்பது இந்துக்களும் பௌத்தர்களும் சொன்ன குறைதான். அதற்கு மறுமொழியாகவே ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். பௌத்தர்கள் 1886இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரிக்கு அடிகோலினார்கள். வட இந்தியாவில் சர் செய்யித் அகமது கான் 1875இல் அலிகாரில் பள்ளி தொடங்கியிருந்தார். இலங்கை முஸ்லிம்களோ அஞ்சி விலகியதோடு நின்றுவிட்டார்கள். பள்ளிவாசல் திண்ணையில் பிள்ளைகள் குர்ஆனை ஓதக் கற்றார்கள். ஓதியதன் பொருள் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் தகப்பன் கடைக்கு வந்துவிட்டார்கள்.

கடைக்கு வந்தது குறையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கொழும்பிலும் கண்டியிலும் அன்றைய வியாபாரம் பெருமளவு முஸ்லிம்கள் கையில் இருந்தது. தமிழகக் கரையிலிருந்து போன மரைக்காயர், இராவுத்தர், லெப்பை வியாபாரிகளும் அதில் பங்குகொண்டிருந்தார்கள். கையில் பொருள் இருந்தது. ஆனால் சட்டம் ஆங்கிலத்தில். சுங்கச் சாவடித் தாள் ஆங்கிலத்தில். கப்பல் ஒப்பந்தம் ஆங்கிலத்தில். வருகிற ஒவ்வொரு தாளுக்கும் இன்னொருவன் வாயைப் பார்த்து நிற்கிற வியாபாரி எத்தனை நாள் வியாபாரியாக இருப்பான்? சித்திலெப்பை அவர்களுக்கு இந்தக் கவலை இருந்தது. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் அவருடைய சிறப்பு. அரபு எழுத்தை மட்டும் கூட்டி வாசித்து அதன் கருத்தை அறியாத ஓதுதலும், ஆங்கிலத்தை மட்டும் படித்து உத்தியோகம் தேடுகிற படிப்பும் அவர் கண்ணுக்கு ஒரே குறையின் இரண்டு பக்கங்களாகத் தெரிந்தன. இரண்டிலும் எழுத்து உள்ளே இறங்கவில்லை, மனிதனை மாற்றவில்லை.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கோலாலம்பூர் சிலாங்கூரின் தலைநகராகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புகைவண்டி ஓடத் தொடங்கியது 1886இல்தான். நம் முன்னோர்களில் முதலில் வந்தவர்கள் படகிலும் மாட்டுவண்டியிலும் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த அந்நாளில், கண்டியில் ஒரு வக்கீல் அச்சு எழுத்தும் மையும் வாங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்துக்கொண்டால் காலம் சரியாகப் பிடிபடும். கடல் கடந்து வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களும் அப்பத்திரிகையை வாசித்தார்கள். சில ஆண்டுகளில், 1887இல், சிங்கப்பூரிலும் 'சிங்கை நேசன்' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை தமிழ் முஸ்லிம் ஒருவரால் தொடங்கப்பட்டது.

பத்திரிகையில் உலகச் செய்தி வந்தது, மார்க்க விஷயம் வந்தது, அரசாங்கத்துக்கு விண்ணப்பம் வந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வந்தது கல்வி. சமூகத்தைப் புகழ்ந்து எழுதினால் சந்தா சேரும். கடிந்து எழுதினால் பகை சேரும். அவர் கடிந்து எழுதவே துணிந்தார். வீண் சடங்கும் விருந்தும் செய்து கடனாளியாவதைக் கண்டித்தார். பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிக்க மனமில்லாத தனவந்தர்களையும் விட்டுவைக்கவில்லை. மார்க்கத்துக்கு மாறாகப் போகிறார் என்று பேசினவர்கள் உண்டு. ஒரு தமிழ்ப் பத்திரிகையை நடத்துவது பொருள் சேர்க்கும் வழியன்று என்பதை விளக்கவேண்டியதில்லை; சந்தாப் பாக்கி என்றால் என்னவென்று இந்த மடலை நடத்துகிறவர்களைக் கேட்டாலே போதும்.

பத்திரிகை தொடங்கி மூன்றே வாரத்தில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. எகிப்தில் அந்நியர் ஆதிக்கத்தை எதிர்த்துப் படை நடத்தி, 1882 செப்டம்பரில் தெல் எல்-கபீர் போரில் பிரிட்டிஷாரிடம் தோற்ற அறபி பாஷாவும் அவருடைய தோழர்களும் அதில் நாடு கடத்தப்பட்டு வந்தார்கள். 1883 ஜனவரியில் அவர்கள் கரையிறங்கியபோது கொழும்பு முஸ்லிம்கள் திரண்டு வந்து பார்த்தார்களாம். ஊரார் பலர் அவருடைய துருக்கித் தொப்பியைப் பார்த்துத் தாங்களும் அணியத் தொடங்கினார்கள். சித்திலெப்பை அவரிடம் பார்த்தது தொப்பியை அன்று. நைல் நதிக்கரைக் கிராமத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, அல் அஸ்ஹரில் கற்று, படைத் தலைவராக உயர்ந்த ஒருவர், ஆட்சியும் பதவியும் போன பிறகும் தலை நிமிர்ந்து இருப்பதைக் கண்டார். இருவரும் நண்பர்களானார்கள். பெரிய மனிதரை விருந்துக்கு அழைத்து மாலை போடுவதோடு நம் கூட்டங்கள் பலவும் முடிந்துவிடுகின்றன. இவர் அந்த மனிதரின் செல்வாக்கைப் பள்ளிக்கூடம் கட்டும் காரியத்துக்குத் திருப்பினார்.

1884 நவம்பரில் கொழும்பு புதுச் சோனகத் தெருவில் முதற் பள்ளி திறக்கப்பட்டது. மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் போதிக்கப்படும் என்று ஏற்பாடு. அறபி பாஷாவின் ஆதரவு இருந்தது, பத்திரிகையின் பலம் இருந்தது, ஊரில் பணமும் இருந்தது. இருந்தும் பள்ளி நிலைத்து நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். பாதிரிமார் தடுக்கவில்லை, அரசாங்கமும் மூடவில்லை. பிள்ளைகளை அனுப்புவதிலும் பணம் கொடுப்பதிலும் நம்மவர்களுக்குத்தான் மனம் போதிய அளவு வரவில்லை. திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் வேறு, மாதாமாதம் ஆசிரியர் சம்பளத்துக்குக் கை நீட்டும்போது இருக்கிற கூட்டம் வேறு. சங்கம் நடத்திப் பார்த்த எவருக்கும் இது தெரிந்த விஷயமே. எனினும் அந்த விதை அடியோடு அழிந்ததாகச் சொல்ல முடியாது. கொழும்பிலுள்ள ஹமீத் அல் ஹுஸைனீக் கல்லூரி தன் பிறப்பை அந்த 1884ஆம் ஆண்டோடு சேர்த்தே எண்ணிக்கொள்கிறது.

மனம் தளர்ந்திருக்க வேண்டிய அந்த வேளையில், 1885இல், அவர் ஒரு கதை எழுதி அச்சிட்டார். 'அசன்பேயுடைய கதை' என்ற அந்நூல் இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல். தமிழில் நாவல் என்ற வகைக்கு முதல் நூலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல்தான் வெளியானது என்பதை நினைத்தால், நம்மவர் எவ்வளவு முன்னே நின்றார் என்பது விளங்கும். கெய்ரோ நகரத்துப் பெரிய வீட்டில் பிறந்த குழந்தை களவாடப்பட்டுப் பம்பாய்க்கு வந்து சேர்கிறது. தான் யார் என்றே அறியாமல் வளர்ந்த பையன், பல நாடும் பல ஆபத்தும் கண்டு, கடைசியில் பெற்றோரை அடைகிறான். தன் குலப்பெருமை இன்னதென்று அந்தப் பையனுக்குத் தெரியாது. ஆகையால் அதைச் சொல்லி எந்தக் கதவையும் தட்ட முடியாது. கற்ற கல்வியும் நேர்மையான நடத்தையுமே அவனுக்கு ஊர் ஊராக நண்பர்களைத் தேடித் தருகின்றன. பள்ளிக்கூடத்துக்குப் பணம் தர மறுத்த அதே கூட்டத்துக்கு, கேட்க இனிக்கும் ஒரு கதையாக அதே விஷயத்தை ஊட்டிவிட்டார் வக்கீல்!

கொழும்பு கைவிட்டதற்காகச் சும்மா இருக்கவும் இல்லை. கண்டி, குருநாகல் முதலிய ஊர்களில் பள்ளிகள் தொடங்கச் செய்தார். பிள்ளைகள் அரபை விளங்கிக் கற்பதற்கு இலக்கண நூலும் பாட நூல்களும் எழுதினார். வயது ஐம்பதைக் கடந்த ஒரு வக்கீல் இரவில் விளக்கை வைத்துக்கொண்டு சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுவதென்றால் அது சிறிய காரியமா? வழக்குக் கட்டு ஒன்றுக்கு அதே நேரத்தைக் கொடுத்திருந்தால் கையில் காசு விழுந்திருக்கும்.

பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அவர் செய்தது அந்தக் காலத்துக்கு மிகுந்த துணிச்சல். ஆண் பிள்ளையையே பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய சமூகத்தில் பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்று எழுதினார். எழுதியதோடு விடாமல் கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பில் அவருடைய சொந்தச் சகோதரியே இருந்தார். ஊரார் வீட்டுப் பெண்களை வெளியே அழைக்குமுன் தன் வீட்டுப் பெண்ணை முன்னே நிறுத்தினார் என்பதைக் கவனிக்கவேண்டும். தகப்பன் கடையில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளை தாயின் பக்கத்தில்தான் வளர்கிறது. பிள்ளையின் ஒழுக்கத்துக்கு முதல் ஆசிரியை தாய் என்றால், அந்த ஆசிரியைக்குக் கல்வி வேண்டாமா? பெண் கல்விக்காகப் பேசியவர்கள் எல்லாக் காலத்திலும் சொல்லிவந்த இந்தக் காரணத்தை அவர் தம் வீட்டிலேயே தொடங்கிக் காட்டினார்.

இனி, இவ்வரலாற்றில் வரும் இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வாப்பிச்சி மரைக்கார் அவர்கள் கொழும்பில் கட்டட ஒப்பந்தக்காரர். 1829இல் பிறந்தவர், சித்திலெப்பையைவிட மூத்தவர், 1925 வரை வாழ்ந்தவர். எழுத்தாளரும் அல்லர், வக்கீலும் அல்லர். கல்லும் சுண்ணாம்பும் மரமும் அவர் உலகம். கொழும்பு கறுவாத்தோட்டத்தில் வெள்ளை மாளிகைபோல் நிற்கும் நூதனசாலை அவர் கட்டியது. கவர்னர் வில்லியம் கிரிகரி காலத்தில், 1877 ஜனவரி முதல் நாள் அது திறக்கப்பட்டது. திறப்பு நாளில் கவர்னர் மகிழ்ந்து, உமக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்டதாகவும், பட்டமோ பதவியோ வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று இவர் கேட்டுக்கொண்டதாகவும் இலங்கையில் ஒரு கதை வழங்கிவருகிறது. ஏட்டில் உள்ளதோ, வாய்மொழியோ, ஒரு ஊர் யாரைப் பற்றி இப்படிப்பட்ட கதையைச் சொல்லிக்கொள்ளும் என்று யோசிக்கவேண்டும். ஒப்பந்தக்காரர்களைப் பற்றி மக்கள் சாதாரணமாகச் சொல்லும் கதைகள் வேறு வகை!

சித்திலெப்பை தேடிக்கொண்டிருந்த கல்வியின் பயன் இந்த மனிதரிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, எழுத்து மிகுந்த வக்கீலும் கைவேலை மிகுந்த மரைக்காரும் ஒருவரை ஒருவர் எளிதில் கண்டுகொண்டார்கள். நாடு கடந்து வந்த பாஷா மூன்றாமவர். 1891இல் கொழும்பு முஸ்லிம்களிடையே ஒரு கல்விச் சங்கம் அமைந்தது. முதல் தோல்வியிலிருந்து பாடம் கற்றிருந்தார்கள். பேச்சை மட்டும் நம்பாமல், மருதானைப் பள்ளிவாசலை ஒட்டியே இடம் தேடிக்கொண்டார்கள். தொழுகைக்கு வருகிற தகப்பன் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் காணட்டும். மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் பள்ளிவாசலின் நிழலிலேயே தீரட்டும். 1892 ஆகஸ்ட் 22ஆம் நாள் 'அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா' திறக்கப்பட்டது. வாப்பிச்சி மரைக்கார் அதன் முதல் நிர்வாகியானார். கட்டடத்துக்கு அவர் தம் கைப்பொருளையும் தாராளமாகக் கொடுத்தார் என்பார்கள். பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரி என்று பெயர் பெற்று, இலங்கை முஸ்லிம்களின் கல்விக்கே நடுத்தூணாக விளங்கியது அதுதான்.

அடுத்த ஆண்டு, 1893இல், நம் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தொடங்கப்பட்டது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிலாங்கூர் சுல்தானும், லோக் யூ, யாப் குவான் செங், தம்புசாமிப் பிள்ளை முதலிய செல்வர்களும் அதற்கு ஆதரவாக நின்றார்கள். அங்கே அரசாங்கத்தின் கையும் ஆட்சியாளரின் பெயரும் துணை இருந்தன. கொழும்பிலோ ஒரு வக்கீலும், ஒரு கொத்தனார் தலைவரும், ஒரு கைதியும் சேர்ந்து செய்தார்கள். கைதி என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். பிரிட்டிஷார் கணக்கில் அறபி பாஷா அதுதான். 1901இல்தான் அவர் தாய்நாடு திரும்ப முடிந்தது.

ஸாஹிரா திறந்தபின் சித்திலெப்பை அவர்கள் ஆறு ஆண்டுகூட வாழவில்லை. அதே 1892இல் 'ஞானதீபம்' என்ற மாத ஏட்டைத் தொடங்கினார். மனம் வெளி ஆரவாரத்திலிருந்து உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. காதிரிய்யாத் தரீக்காவைச் சேர்ந்த அவருக்கு ஞானமார்க்கத்தில் இளமை முதலே பற்று உண்டு. 1897இல் 'அஸ்றாறுல் ஆலம்' என்ற நூல் வெளியாயிற்று. உலகத்தின் இரகசியங்கள் என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்துக்காகச் சண்டையிட்ட மனிதர் கடைசியில் தத்துவத்தில் இறங்கிவிட்டாரே என்று சிலர் எண்ணுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிப்பு முதலில் வயிற்றுக்கு வழிசெய்ய வேண்டும், பிறகு நடத்தையைச் சீராக்க வேண்டும், முடிவில் படைத்தவனை அறியும் இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதே அவர் வகுத்த படி. பிறருக்கு முதல் இரண்டு படிகளைக் கட்டிக் கொடுத்தவர் மூன்றாவதில் தாம் ஏறினார். 1898 பிப்ரவரி 5ஆம் நாள் காலமானார். வயது அறுபது நிறையவில்லை.

வக்கீல் தொழிலையே பிடித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்குப் பெரிய சொத்து வைத்திருப்பார் என்று உறவினர் யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்? நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட பேச்சு கேட்டதுண்டு. அவர் வைத்துப்போனது ஒரு பள்ளிக்கூடம். அதுவும் அவர் கண் மூடும்போது சிறிய பள்ளிக்கூடம். 1921இல் டி. பி. ஜாயா அவர்கள் அதிபராக வந்து இருபத்தேழு ஆண்டுகள் அதை வளர்த்த பிறகே அது நாடறிந்த கல்லூரியாயிற்று. ஜாயா தமிழரோ சோனகரோ அல்லர், மலாய் வம்சத்தவர். நம் மலாயாவோடு இரத்த உறவுள்ள ஒருவர் அந்தத் தமிழ் வக்கீல் ஊன்றிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்பது நமக்குச் சந்தோஷம் தரும் செய்தி. பின்னாளில் மந்திரியாகவும் இருந்த அவர் 1960இல் ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில் மதீனாவில் காலமானார்.

நம் பழைய கடைகளிலும் ஒரு பள்ளிக்கூடம் நடந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஊரிலிருந்து வந்த பையனை முதலாளி உடனே கல்லாவில் உட்காரவைக்கமாட்டார். முதலில் கடை பெருக்க வேண்டும், பிறகு மூட்டை பிரிக்க வேண்டும், பிறகு தராசு. தராசில் கை சுத்தமாக இருக்கிறதா என்று பல மாதம் பார்ப்பார். கல்லா அதற்குப் பிறகுதான். தமிழிலே காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். இரண்டாவது நாணயம் இருக்கிறதென்று கண்டபிறகே முதலாவதை நம்பி ஒப்படைத்தார்கள். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் தெரியாது, சட்டம் தெரியாது. அது பெரிய குறை. சித்திலெப்பை இருந்திருந்தால் அந்த முதலாளியையும் கடிந்து எழுதியிருப்பார். இன்று நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் மலாயும் கணக்கியலும் தெரியும். தராசுப் பரீட்சையை மட்டும் எங்கே விட்டோம்? டியூஷன் வகுப்பில் அது இல்லை. உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடும் தாளிலும் மதிப்பெண்ணுக்குத்தான் கட்டம் போட்டிருக்கிறது. மனுக்களைப் பார்வையிடும் பெரியவர்கள், பிள்ளையை அறிந்த ஆசிரியரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ அவன் நடத்தையைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துக்கொண்டால் என்ன? பெண் கொடுக்கும்போது விசாரிக்கிறோம். சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும்போதும் விசாரிக்கிறோம்.

இலங்கை அரசாங்கம் 1977இல் சித்திலெப்பை அவர்களின் உருவம் பதித்த தபால்தலை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரால் ஒரு பள்ளி நடக்கிறது. இவற்றைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் என்று நான் கருதுவது வேறொன்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் என்ற தமிழ் முஸ்லிம், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சர்வீஸில் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெருமையைப் பெற்றார். அந்நாளில் அதற்கு மேலே ஓர் உத்தியோகம் இலங்கையருக்குக் கிடையாது. ஏழை முஸ்லிம் மாணவர்களின் படிப்புக்காக 1945இல் உபகார நிதி ஒன்றையும் தொடங்கினார். 1948இல் அந்த உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிட்டு, ஜாயாவுக்குப் பின் ஸாஹிராவின் அதிபராகப் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.